சிறு வணிகரும் வரி இலக்கமும்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் செவிக்கு இனிமையானதன்று. வரி என்ற சொல்லைக் கேட்டதும் வானொலியின் திருகாணியை வேறுபக்கம் திருப்ப எண்ணுவோர் பலர் இருப்பர். எனினும், வீட்டின் முன்விறாந்தையில் தையல் இயந்திரம் ஒன்றை வைத்துப் பிழைப்பவர், மிளகாய்த் தூளும் ஒடியல் மாவும் பொதிசெய்து கடைகளுக்குக் கொடுப்பவர், சந்தியிலே துவிச்சக்கர வண்டி திருத்துபவர் ஆகிய இவர்களை நோக்கியே நான் பேச விரும்புகின்றேன். பெரிய வணிகருக்குக் கணக்காளர் உண்டு, சட்டத்தரணி உண்டு. சிறிய வணிகருக்கோ அயலவர் சொல்லும் வதந்தியே பெரும்பாலும் ஆலோசனையாய் அமைகின்றது. அவ்வதந்தியுள் அதிகம் அடிபடுவது, உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வழங்கும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம். சுருக்கங் கருதி இதனை வரி இலக்கம் என்றே இப்பேச்சில் குறிப்பிடுவேன்.

நம் நாட்டில் வருமான வரி புதிதாக வந்த ஒன்றன்று. 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வருமான வரிக் கட்டளைச் சட்டம் அதனைத் தொடக்கிவைத்தது. ஆயினும் நெடுங்காலமாக அது சம்பளகாரருக்கும் பெருந்தனவந்தருக்கும் உரியதென்றே பொதுமக்கள் கருதி வந்தனர். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வரிவிலக்கு எல்லை ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, வரிப் பதிவேட்டிலிருந்து மிகப் பலர் நீங்கினர். அரசின் வருவாய் வீழ்ந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை அரசு நிறுத்திவைத்த நிலைக்கு இது ஒன்றே காரணம் அன்றாயினும், காரணங்களுள் ஒன்று என்பதை மறுப்பாரில்லை. அதன்பின் எல்லை 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு சனவரி முதல் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வரி இலக்கம் பெறுதல் வேண்டுமெனவும், தவறுவோர்க்கு 50,000 ரூபா வரை தண்டம் விதிக்கப்படலாம் எனவும் அறிவிக்கப்பட்டது.

அவ்வறிவிப்பு வெளியான முறையைப் பற்றி ஒரு சொல் கூறாதிருக்க என்னால் இயலவில்லை. இலக்கம் என்ன பயனுக்காக என்பதை மக்களுக்கு விளக்குமுன்னர் தண்டத்தொகை விளக்கப்பட்டது. ஆதலால் இலக்கம் பெற்ற மறுநாளே வரிகேட்டு ஆள் வருவார் என்று நம்பியோர் உண்டு. சிலர் வங்கிக் கணக்கிலிருந்த சிறு சேமிப்பையும் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டனர். அச்சத்தினால் பதிவுசெய்யப்பட்ட இலக்கத்தை மனிதர் அலுமாரியின் அடியில் மறைத்துவைப்பரேயன்றி, வணிகத்திற்குப் பயன்படுத்தமாட்டார். நம் சிறு வணிகர் பலரிடத்தில் நிகழ்ந்தது இதுவே.

முதலில் தெளியவேண்டியது யாதெனில், இலக்கம் பெறுதல் வேறு, வரி செலுத்துதல் வேறு. தபாற்காரர் கடிதத்தைக் கொணர்ந்து சேர்ப்பதற்கு வீட்டிற்கு ஓர் இலக்கம் இருக்கின்றது. அவ்விலக்கம் இருப்பதனால் மட்டும் ஒருவர் கடனாளி ஆகிவிடுவதில்லை. வரி இலக்கமும் அத்தகையதே. வரி பிறப்பது வருமானத்தினால், இலக்கத்தினால் அன்று.

இவ்விடத்தில் இன்னொரு மயக்கத்தையும் நீக்கவேண்டும். விற்பனைத் தொகையையே வருமானம் என்று எண்ணி அஞ்சுவோர் மிகப் பலர். சாவகச்சேரியில் ஒரு பெண்மணி மிளகாய்த் தூள் அரைத்து விற்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4 இலட்சம் ரூபாவுக்கு விற்கின்றார். ஆண்டுக்கு 48 இலட்சம் ஆகின்றது. இதனைக் கேட்டவுடன், வரி எல்லையை நாம் எப்போதோ தாண்டிவிட்டோமே என்று அவர் கலங்குகின்றார். ஆனால் 48 இலட்சம் என்பது அவருடைய மொத்தப் புரள்வு. செத்தல் மிளகாய் வாங்கிய பணம், ஆலைக் கூலி, மின்கட்டணம், பை வாங்கிய செலவு, உதவியாளரின் சம்பளம், வான் வாடகை எல்லாம் சேர்ந்து 38 இலட்சம் என்றால், அவருக்கு எஞ்சும் இலாபம் 10 இலட்சமே. 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆம் திகதி தொடங்கிய மதிப்பீட்டாண்டில் தனியாளுக்கு உரிய கழிவு 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஆகவே வேறு வருமானம் இல்லையாயின் இவருக்கு வருமான வரி இல்லை.

அவருடைய வணிகம் வளர்ந்து, இலாபம் 22 இலட்சமாயிற்று என்க. 18 இலட்சம் போக மிகுதி 4 இலட்சம். வரிக்குரிய முதல் 10 இலட்சத்திற்கு வீதம் நூற்றுக்கு 6. எனவே வரி 24,000 ரூபா. இலாபம் 30 இலட்சமாயின், மிகுதி 12 இலட்சம். அதில் 10 இலட்சத்திற்கு 60,000 ரூபாவும், அதற்கு மேற்பட்ட 2 இலட்சத்திற்கு நூற்றுக்கு 18 வீதப்படி 36,000 ரூபாவும் ஆக 96,000 ரூபா. வருமானம் ஏற ஏற வீதமும் ஏறி, முடிவில் 36 வரை செல்லும். ஆயின் உயர்ந்த வீதம் அந்த எல்லைக்கு மேற்பட்ட பகுதிக்கே உரியது. முழுத் தொகைக்கும் அன்று. எல்லையை ஒரு ரூபா தாண்டினால் எல்லாம் போய்விடும் என்று கருதிக் கடையை ஒரு மாதம் பூட்டி வைப்பதில் பொருளில்லை.

இனி, இலக்கம் எவருக்குரியது என்பதைப் பார்ப்போம். இது வணிகத்திற்கு அன்றோ என்று கேட்பீர்கள். தனியொருவர் தம் பொறுப்பில் நடத்தும் வணிகத்திற்குத் தனியான வரி இலக்கம் கிடையாது. சட்டத்தின் கண்ணில் கடைக்காரரும் கடையும் ஒருவரே. அவருக்கு மூன்று கடைகள் இருந்தாலும், ஒன்றில் பலசரக்கும் மற்றொன்றில் புத்தகமும் விற்றாலும், இலக்கம் ஒன்றே. அவருடைய தேசிய அடையாள அட்டையை ஒட்டியே அது வழங்கப்படும். இருவரோ மூவரோ பங்காளிகளாய்ச் சேர்ந்து நடத்தினால், பங்குடைமைக்கு ஓர் இலக்கமும் ஒவ்வொரு பங்காளிக்கும் அவரவர் இலக்கமும் வேண்டும். பங்குடைமையில் கிடைக்கும் இலாபப் பங்கு அவரவர் சொந்த வருமானத்தோடு சேர்க்கப்படும். கம்பனியோ சட்டப்படி வேறு ஓர் ஆள். அதற்கு வேறு இலக்கம்.

கம்பனி என்றதும் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் ஒரே பங்குதாரருடனும் கம்பனி அமைக்கலாம். பெயர்ப்பலகையில் அச்சொல் இருந்தால் மதிப்பு உயரும் என்ற ஆசையால் இளைஞர் சிலர் தொடக்கத்திலேயே கம்பனி பதிந்துகொள்கின்றனர். தனியாளுக்குரிய 18 இலட்சக் கழிவு கம்பனிக்கு இல்லை. கம்பனி இலாபத்தின் பொதுவான வரி வீதம் 2022 ஒக்டோபர் முதல் நூற்றுக்கு 30 ஆயிற்று. ஆண்டறிக்கை, கணக்காய்வு முதலிய செலவுகளும் உண்டு. கடன் பொறுப்பு எல்லைப்படும் நன்மை கம்பனிக்கு உண்டென்பது மெய். அந்நன்மை தேவைப்படும் அளவுக்கு வணிகம் பெருத்தபின் அதனை நாடுவதே அறிவுடைமை.

வணிகப் பெயர்ப் பதிவு வேறு, வரிப் பதிவு வேறு என்பதையும் மறக்கலாகாது. தம் சொந்தப் பெயரல்லாத வேறொரு பெயரில் வணிகம் நடத்துபவர் அப்பெயரைப் பிரதேச செயலகத்தின் வழியாகப் பதிந்துகொள்ளல் வேண்டும். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, கடையிருக்கும் இடத்தின் உறுதி அல்லது குத்தகை உடன்படிக்கை முதலியவை அங்கே கேட்கப்படும். கிடைக்கும் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருப்பதைப் பல கடைகளில் காணலாம். அதன் மூலையில் ஓர் இலக்கம் இருக்கும். அது வரி இலக்கமன்று. அதனையே வரி இலக்கமென வங்கியிற் கூறித் திரும்பி வந்தோர் உளர். வரி இலக்கம் ஒன்பது இலக்கங்களாலானது. நம்முடைய பழைய அடையாள அட்டையிலும், இறுதியில் வரும் எழுத்தை நீக்கினால், ஒன்பது இலக்கங்களே உள்ளன. இவ்வொற்றுமையாலும் குழப்பம் விளைவதுண்டு.

பெறும் முறையைக் கூறுவேன். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில், வரி செலுத்துநர் பதிவுக்கென ஒரு பகுதி உண்டு. அடையாள அட்டை இலக்கம், பெயர், முகவரி, கைத்தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், தொழிலின் தன்மை ஆகியவற்றை நிரப்பி, அட்டையின் இரு பக்கப் படங்களையும் இணைத்து அனுப்புதல் வேண்டும். பெயர் பதிந்த வணிகமாயின் அச்சான்றிதழின் படியும் வேண்டும். இணையத்திற் பழக்கமில்லாதார் கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்தையோ, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி முதலிய இடங்களிலுள்ள பிராந்திய அலுவலகங்களையோ நாடலாம். ஐயம் கேட்பதற்கு 1944 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. இவ்விலக்கம் பெறுவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. இதனை நான் அழுத்திக் கூறுகின்றேன்.

விண்ணப்பிக்குமுன், தமக்கு ஏற்கெனவே இலக்கம் உண்டோ என்று பார்த்துக்கொள்வது நல்லது. முன்பு ஓரிடத்தில் சம்பளத்திற்கு வேலை செய்த காலத்திலேயே பதிவு நிகழ்ந்திருத்தல் கூடும். 2016ஆம் ஆண்டின் பின் வழங்கப்பட்ட புதிய அடையாள அட்டையில் 12 இலக்கங்கள் இருப்பதால், பழைய அட்டையைக் கொண்டு ஒருமுறையும் புதிய அட்டையைக் கொண்டு இன்னொரு முறையும் பதிய முயல்வதும் உண்டு. ஒருவருக்கு இரண்டு இலக்கம் இருப்பது நன்மையன்று. ஒன்றில் வரி கட்ட, மற்றொன்றில் நிலுவை நிற்கும்.

பெயர் விடயத்தில் தமிழராகிய நமக்கு ஒரு தனித் தொல்லை இருக்கின்றது. நமக்குக் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரை முன்னே வைத்துத் தம் பெயரைப் பின்னே எழுதுகின்றோம். படிவமோ முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கேட்கின்றது. ஓரிடத்தில் தந்தை பெயரையும் மற்றோரிடத்தில் தம் பெயரையும் குடும்பப் பெயராக எழுதிவிட்டால், கணினிக்கு அவர் இரண்டு மனிதர். அன்றியும் பழைய அட்டைகளில் ஆங்கில எழுத்து இல்லை. கந்தையா என்னும் ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று எழுதுவினைஞர் மூன்று விதமாக எழுதுவர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று, வணிகச் சான்றிதழில் மற்றொன்று. கடன் விண்ணப்பத்தின்போதே இவ்வேறுபாடு வெளிப்பட்டு, சத்தியக்கடதாசி முடிக்க அலையவேண்டி வருகின்றது. ஆகவே விண்ணப்பிக்குமுன் வங்கிப் புத்தகத்தையும் வணிகச் சான்றிதழையும் அட்டையையும் மேசைமேல் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மணிநேரம் செலவிடுவீர்களாக. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து வருமாறு செய்வது பின்னாளில் மாதக்கணக்கான அலைச்சலைத் தவிர்க்கும்.

முகவரியும் அவ்வாறே. போரினால் இடம்பெயர்ந்தோர் பலரின் அட்டையில் உள்ள ஊர் வேறு, இன்று வாழும் ஊர் வேறு. மலையகத்தில் தோட்டக் குடியிருப்பில் வாழ்பவருக்குத் தனி வீட்டிலக்கம் இல்லாமையால், கடிதம் தோட்ட அலுவலகத்திற்குச் சென்று தங்கிவிடுவது நெடுநாட் குறை. திணைக்களம் அனுப்பும் அறிவித்தல் கைக்கு எட்டாவிட்டாலும், அதில் குறித்த தவணை நம்மைக் காத்திராது. எங்கே கடிதம் உறுதியாய் வந்துசேருமோ அவ்விடத்தையே தொடர்பு முகவரியாகக் கொடுத்தல் வேண்டும்.

நகலெடுக்கும் கடைகளிலும் இணைய நிலையங்களிலும் பணம் கொடுத்து விண்ணப்பம் நிரப்புவிப்போர் பலர். தட்டச்சுக் கூலி வாங்குவதில் குற்றமில்லை. அவர்களும் சிறு வணிகரே. இடர் எங்கே என்றால், விண்ணப்பத்தில் அக்கடைக்காரரின் மின்னஞ்சலும் சிலவேளை அவருடைய தொலைபேசி இலக்கமும் இடப்படுகின்றன. உமக்கென்று மின்னஞ்சல் இல்லையென்றால் அவர் வேறென்ன செய்வார்? ஆனால் அதன்பின் திணைக்களம் அனுப்பும் இரகசியக் குறியீடும் சான்றிதழும் அவரிடமே செல்லும். ஈராண்டு கழித்து நீங்கள் விபரத்திரட்டு அனுப்ப முற்படும்போது அக்கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை இருக்கும். ஆதலால் முதலில் உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சலை அமைத்து, அதன் கடவுச்சொல்லைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் இதனைப் பத்து நிமிடத்தில் செய்து தருவர்.

இன்னும் ஒன்று. கணவன் அரசாங்க உத்தியோகத்தராக இருக்க, அவர் நடத்தும் கடை மனைவியின் பெயரில் இருப்பது நம் ஊர்களில் வழக்கம். மைத்துனரின் பெயரில் வண்டி, தாயின் பெயரில் களஞ்சியம் என்றும் உண்டு. பெயர் கொடுத்தவர் அதனை ஒரு சிறிய உபகாரமாகவே எண்ணுகின்றார். வரி இலக்கம் வந்தபின் அது சிறிய உபகாரமன்று. இலாபம் யாருடைய இலக்கத்தின்கீழ்ப் பதிவாகின்றதோ, அவரே கணக்குக் காட்ட வேண்டியவர். நிலுவை இருந்தால் அவரே செலுத்த வேண்டியவர். மனைவி மெய்யாகவே அவ்வணிகத்தை நடத்துபவராயின், அவருடைய பெயரும் இலக்கமும் அவருக்கு உரிமை. வங்கிக் கடனும் அவர் கையொப்பத்தில் வரட்டும். கணக்குப் புத்தகத்தை ஒருநாளும் திறந்து பார்த்தறியாத ஒரு பெண்ணைப் பொறுப்பாளியாக்கி வைப்பதை நான் நியாயமென்று சொல்லமாட்டேன்.

இவ்வளவு தொல்லைக்குப் பயன் உண்டோ என்று கேட்கலாம். உண்டு. வங்கியில் நடைமுறைக் கணக்குத் திறத்தல், கட்டட வரைபட அனுமதி, மோட்டார் வாகனப் பதிவு, காணிப் பதிவு ஆகியவற்றுக்கு வரி இலக்கத்தைக் காட்டவேண்டும் என்று 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. நடைமுறைக் கணக்கு இல்லாத வணிகர் காசோலை எழுதமுடியாது. மிளகாய்த் தூள் விற்கும் அப்பெண்மணி ஒரு பேரங்காடிக்குப் பொருள் கொடுக்க விரும்பினால், அந்நிறுவனத்தின் கணக்குப்பகுதி முதலிற் கேட்பது இலக்கத்தையே. மேலும், வங்கி வட்டியிலிருந்து முன்கூட்டியே கழிக்கப்படும் வரி 2025 ஏப்பிரலில் நூற்றுக்கு 5 என்பதிலிருந்து 10 ஆயிற்று. அவ்வாறு கழிக்கப்பட்ட பணம் உங்கள் கணக்கில் வரவாக வைக்கப்படுவதற்கும் இலக்கமே துணை.

பெறுமதி சேர் வரியைப் பற்றிச் சிறிது. அது வேறு பதிவு. 2024ஆம் ஆண்டு சனவரியில் அதற்குரிய ஆண்டுப் புரள்வு எல்லை 8 கோடியிலிருந்து 6 கோடி ரூபாவாகக் குறைக்கப்பட்டது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அதனை 3 கோடியே 60 இலட்சமாக்கும் யோசனை கூறப்பட்டது. இங்கு கணக்கிடப்படுவது புரள்வு, இலாபமன்று. அவ்வாறு பதிந்தவரின் இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களின் பின் ஒரு கோடிட்டு 7000 என்றிருக்கும். ஒரு கடைக்காரர் அந்த வரியைச் சேர்த்துப் பற்றுச்சீட்டு எழுதினால், இந்த 7000 அதில் இருக்கின்றதா என்று பார்ப்பது வாங்குபவரின் உரிமை. பதியாதவர் அவ்வரியை அறவிடுதல் ஆகாது.

இலக்கம் பெற்றபின் கணக்கு வைத்தல் வேண்டும். சிறு வணிகர் கணக்கு வைப்பதில்லை என்று சொல்வது பொய். கொப்பியில் கடன் வாங்கியோரின் பெயர்களை அவர் எவ்வளவு கவனமாக எழுதிவைக்கின்றார்! அவர் எழுதாமல் விடுவது தம் செலவை. வரிக் கணக்கில் நட்டம் வருவது இங்கேதான். எழுதாத செலவைக் கழிக்க முடியாது; கழிக்காத செலவு இலாபமாய்த் தோன்றும்; தோன்றிய இலாபத்திற்கு வரி பிறக்கும். சந்தையில் வாங்கும் பொருளுக்குச் சீட்டு கிடைப்பதரிது. அப்படியாயின் திகதி, பொருள், நிறை, விலை, விற்றவர் பெயர் என்பவற்றை அன்றே ஒரு புத்தகத்தில் எழுதி, முடிந்தால் விற்றவரின் கையொப்பத்தையும் பெறுங்கள். தமிழிலேயே எழுதலாம். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே பெட்டியில் போட்டு எடுப்பதை நிறுத்தி, வீட்டுக்கு எடுத்த தொகையைத் தனியே குறியுங்கள். அப்புத்தகங்களை ஐந்தாண்டுகளேனும் பேணுதல் நன்று.

வரியாண்டு ஏப்பிரல் 1 முதல் அடுத்த மார்ச்சு 31 வரை. வரி செலுத்தவேண்டியவர் அதனை நான்கு தவணைகளாக ஓகத்து, நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் செலுத்தி, எஞ்சியதைச் செத்தெம்பர் 30இல் தீர்த்து, விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் அனுப்புதல் வேண்டும். வரி இல்லாதவருக்கும் திணைக்களத்திலிருந்து விபரத்திரட்டுக் கேட்டு அறிவித்தல் வரலாம். வரியில்லையே என்று அதனை மூலையில் வைத்துவிடாது, இல்லை என்பதையே எழுத்தில் அறிவியுங்கள்.

கடையை இடம் மாற்றினாலும், பங்காளி ஒருவர் விலகினாலும், வணிகத்தை மூடினாலும் அதனையும் அறிவித்தல் வேண்டும். பெயர்ப்பலகையைக் கழற்றியதோடு வணிகம் முடிந்ததென்று நாம் எண்ணுவோம். பதிவேட்டில் அது நடந்துகொண்டே இருக்கும். பிரதேச செயலகத்தில் பெயர்ப் பதிவை நீக்குவதும் திணைக்களத்திற்குக் கடிதம் எழுதுவதும் இரு வேறு வேலைகள். இரண்டையும் செய்து, ஒப்புக்கொண்ட கடிதத்தின் படியை மற்றைப் புத்தகங்களோடு சேர்த்து வையுங்கள்.